கராம்பு வைத்துச் சமாளித்த ஆறு மாதம்

ஸ்காபரோவில் எங்கட ஆக்கள் நிறைய இருக்கும் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். அதன் கீழ்த்தளத்தில் மாதம் ஒருமுறை மேசை போட்டு உட்காருவேன். மேசையில் பெரிய பிளாஸ்டிக் பல்வரிசை, சில பிரஷ்கள், தமிழில் அச்சடித்த தாள்கள். நான் சமூக சுகாதாரப் பணியாளர். அங்குள்ளவர்களுக்கு 'பல்லுத் தங்கச்சி'.

போன மாரியில் எழுபது தாண்டிய ஓர் அம்மா, பேரனுக்குப் பிரஷ் கேட்டு வந்தார். கதைக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டே நின்றார்.

"அம்மா, உங்களுக்குப் பல்லு நோகுதோ?"

"ஆறு மாசமாப் பல்லுக்கொதி பிள்ளை. கராம்பு வைச்சுச் சமாளிக்கிறன். மகனுக்குத் தெரிய வேண்டாம். வீட்டுக் கடனே அவனுக்குப் பெரிய பாரம்."

இங்கே டொக்டரைப் பார்க்கக் காசில்லை, பல்லுக்குக் காசு. மகனின் வேலையிடக் காப்புறுதி பெரும்பாலும் மனைவி, பிள்ளைகளோடு நின்றுவிடும். மகன் நன்றாக உழைப்பதால் தனக்கு அரசாங்க உதவியும் கிடைக்காது என்று அந்த அம்மா நினைத்திருந்தார்.

அதுதான் பிழை. கனடியப் பல் பராமரிப்புத் திட்டம் விண்ணப்பிப்பவரினதும் அவரது துணையினதும் வருமானத்தை மட்டுமே பார்க்கிறது. அது 90,000 டொலருக்குக் குறைவாக இருந்து, வேறு பல் காப்புறுதி இல்லாமல், வருமான வரியும் பதிந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். 2024 மே மாதம் முதியவர்களோடு தொடங்கிய திட்டம், பின்னர் படிப்படியாக மற்ற வயதினருக்கும் விரிந்தது. சில பல் மருத்துவர்கள் திட்டம் தரும் தொகைக்கு மேலும் வாங்குவதுண்டு. கதிரையில் ஏற முன்னம் கேட்டுவிடுங்கள்.

விண்ணப்பத்துக்கு வரிப் பத்திரம் தேவைப்பட்டது. அதனால் மகனுக்குச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அடுத்த முறை மகனும் கூட வந்தார். "பக்கத்து அறையிலதான் படுக்கிறன். எனக்கு ஒண்டும் தெரியேல்லையே" என்றார். அம்மா குனிந்தபடி இருந்தார்.

மூன்று வயதுப் பேரனும் வந்திருந்தான். முன்பற்கள் மண்ணிறம். இரவில் பால் போத்தலோடு படுக்கிற பழக்கம். "பால்பல்லு விழத்தானே போகுது" என்றார் தகப்பன். தூக்கத்தில் உமிழ்நீர் குறையும், பாலின் இனிப்பு பல்லிலேயே தங்கும். சொத்தை வலித்தால் பிள்ளை சாப்பிடாது, நித்திரை கொள்ளாது என்று விளக்கினேன். மூன்று வயதுக்குள் அரிசி மணியளவு, அதன் பிறகு பட்டாணியளவு புளோரைட் பற்பசை போதும். முதல் பிறந்தநாளுக்குள் பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது.

அந்த அம்மாவுக்கு இரண்டு பல் பிடுங்கியாயிற்று. இப்போது என்னோடு கதைக்கும்போது கை வாய்க்குப் போவதில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது "எனக்குச் சோறு கொஞ்சம் குழைவா இருந்தாக் காணும்" என்று சொல்லத் தொடங்கியிருந்தால், ஏன் என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.