ஜெர்மனியில் ஆயத்தக் கல்லூரி

சங்கரன்கோவில் வட்டாரத்தில் பருத்தியும் பூவும் பயிரிடும் குடும்பங்களிலும் ஜெர்மனிப் படிப்பைப் பற்றிய பேச்சு இன்று எழுந்துள்ளது. அங்கே கல்வி இலவசம் என்பது தரகர் கூறும் முதற் செய்தி. அது பாதி உண்மையே.

நமது பிளஸ் டூ சான்றிதழை மட்டும் கொண்டு அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் நேரே சேர்தல் பொதுவாக இயலாது. 'ஸ்டூடியன்கோலெக்' என்னும் ஆயத்தக் கல்லூரியில் ஓராண்டு பயிலவேண்டும். விதை நேரே நடவு வயலுக்குச் செல்லாது நாற்றங்காலில் தங்குவதை ஒத்ததே இது. பொறியியலுக்கு 'டி', மருத்துவத்துக்கு 'எம்', பொருளியலுக்கு 'டபிள்யூ' எனப் பிரிவுகள் உள. இறுதித் தேர்வில் தவறினால் மீண்டும் எழுத ஒரே வாய்ப்புத்தான்.

சேர்வதற்கும் தேர்வு உண்டு. அதில் ஜெர்மன் மொழியும், பெரும்பாலும் கணிதமும் சோதிக்கப்படும். ஆதலின் சென்னை மாக்ஸ் முல்லர் பவன் போன்ற நிலையத்தில் மொழியை இங்கேயே கற்றுக்கொள்ளுதல் இன்றியமையாதது.

ஹாலே, டார்ம்ஸ்டாட் முதலிய நகரங்களின் அரசுக் கல்லூரிகளில் பயிற்சிக் கட்டணம் இல்லை. பருவந்தோறும் சிறு தொகையே உண்டு. தனியார் நிலையங்களோ இலட்சக்கணக்கில் பெறுகின்றன. இவ்வேறுபாட்டைத் தரகர் எல்லோரும் எடுத்துரைப்பதில்லை. விண்ணப்பத்தை மாணவரே அனுப்பலாம்.

விசாவுக்காக ஓராண்டு வாழ்க்கைச் செலவை முடக்கக் கணக்கில் செலுத்திக் காட்டவேண்டும். 2024 செப்டம்பரில் இத்தொகை 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. இது தரகருக்குரிய பணமன்று. மாணவர் பெயரிலேயே இருந்து, மாதம் 992 யூரோ வீதம் அவருக்கே திரும்புவது. 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். சான்றிதழும் தேவைப்படுகிறது.

நிலத்தை ஈடு வைக்க யோசனை கேட்டு வருவோரிடம் ஊராட்சி உறுப்பினர்கள் முதலில் வினவவேண்டியவை இரண்டு: கல்லூரி அரசினதா, தனியாருடையதா? நுழைவுத் தேர்வுக்கு அழைப்பு வந்துவிட்டதா?