நயினார் என்னும் மரியாதை

திண்டிவனம், செஞ்சி வட்டாரத்தில் வீடூர், பெருமண்டூர், மேல்சித்தாமூர் பக்கமிருந்து வரும் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் ‘நயினார்’ என்றிருந்தால், பெரும்பாலும் அது தமிழ்ச் சமணர் வீட்டு விசேஷம். பொழுது சாய்வதற்குள் பந்தி முடிந்துவிடும். இருட்டிய பிறகு உண்ணாத மரபு அது.

நயினார் என்றால் தலைவர், ஆண்டவர். நாயனார் என்பதன் மருவிய வடிவம். சைவர்களுக்கு அறுபத்துமூவர் நாயன்மார்கள். குறள் தந்தவர் திருவள்ளுவ நாயனார். வைணவத்தில் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார். தெற்கே முஸ்லிம் பெயர்களிலும் நயினார் உண்டு. விழுப்புரம் பக்கம் பார்க்கவ குலத்தாருக்கும் அது பட்டம். தெய்வத்துக்கும் அடியாருக்கும் சூட்டிய சொல், இங்கே மண்ணை உழும் சமணக் குடியானவரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

மரியாதைச் சொற்கள் வரும் வழி பல. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் ‘ம்ஸே’ என்றால் பெரியவர். வயது தரும் மரியாதை. கென்யாவின் தலைவர் கென்யாட்டாவை அப்படித்தான் அழைத்தார்கள். தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரே பள்ளி ஆசிரியராக இருந்தவர். நாட்டின் அதிபரான பிறகும் மக்களுக்கு அவர் ‘ம்வாலிமு’, அதாவது வாத்தியார்தான்.

வாத்தியாருக்குத் தரும் அந்த மரியாதையை நம் ஊர்ப் பாறையிலும் பார்க்கலாம். செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் சமணர்களின் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் வரிசைக்குப் பன்னிருவராக இரண்டு வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அங்குள்ள பழைய கல்வெட்டு, 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தியை ‘ஆசிரிகர்’ என்கிறது. அரசனுக்கான அடைமொழி எதுவும் இல்லை, ஆசிரியர் என்ற ஒன்றே போதுமென்று வெட்டியிருக்கிறார்கள். பிந்தைய இன்னொரு கல்வெட்டு 30 நாள் நோன்பிருந்த ஒரு துறவியைப் படாரர் என்கிறது. மேல்சித்தாமூர் சமண மடத்தின் தலைவரை இன்றும் பட்டாரகர் என்றுதான் அழைக்கிறார்கள்.

இவ்வளவு இருந்தும், ஜைனர் என்று சொன்னதுமே “எந்த ஊர் சேட்டு?” என்று கேட்கிறோம். எனக்கு அது மனதை உறுத்துகிறது. தமிழ்ச் சமணர்கள் எங்கிருந்தோ கடை வைக்க வந்தவர்கள் அல்ல. தமிழ் இலக்கியத்துக்குச் சமணர் தந்ததை 1941-இல் தனி நூலாகவே எழுதிய பேராசிரியர் அ. சக்ரவர்த்தி, ஒரு நயினார்தான்.

செஞ்சிக் கோட்டைக்குப் போகிறவர்கள் அப்படியே திருநாதர்குன்றும் ஏறிவிட்டு வாருங்கள். பாறையில் சாய்ந்து படம் எடுக்காதீர்கள், எழுத்துகள் தேய்ந்துகொண்டிருக்கின்றன.