பெயர் சொல்லத் தெரியாத பெண்

மடுல்சீமை மலைகளில் மாலைப் பனி மூடிவிட்டால் பத்தடி தூரத்தில் நிற்பவரைக் காண்பதும் அரிது. வழி தவறியவர் உரக்கக் கூவினால் ஏதேனும் ஒரு லயத்திலிருந்து மறுகுரல் கிட்டும். ஆனால், காது கேளாமல், வாய் பேசாமல், ஊர்ப் பெயரை எழுதவும் அறியாத ஒருவர் வழி தவறினால் அவர் கதி யாது? கீதா என்னும் பெண்ணின் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தியாவிலிருந்து லாகூர் சென்ற சம்ஜௌதா புகையிரதத்தில் துணையின்றி இருந்த ஊமைச் சிறுமி ஒருத்தியைப் பாக்கிஸ்தான் காவற்படையினர் கண்டனர். எதி அறநிலையம் அவளை ஏற்றது. அதன் அன்னை பில்கிஸ் எதி முதலில் பாத்திமா என்று பெயரிட்டார். அவள் இந்துப் பெண் என உணர்ந்ததும் கீதா என்று அழைத்தார். கராச்சியில் அவள் வழிபடத் தெய்வப் படங்களும் வைத்துக் கொடுத்தார். இரு நாட்டுப் பகைமையைப் பற்றி ஓயாது படிக்கும் நாம் இதையும் நினைவிற் கொள்ளல் தகும்.

2015ஆம் ஆண்டு ஜூலையில் ‘பஜ்ரங்கி பாய்ஜான்’ திரைப்படம் வெளிவந்த பின்னரே கீதாவின் கதை பலர் கவனத்தையும் ஈர்த்தது. அவ்வாண்டு அக்டோபர் 26ஆம் நாள் அவள் டில்லி வந்தாள். அப்போது அவள் சிறுமியல்லள்; இருபது கடந்த மங்கை. மகளென்று உரிமை கோரியோர் பலர். பீகார்க் குடும்பமொன்றைப் படத்தில் கண்டு தன் வீட்டாரென அவளே நம்பியிருந்தாள். மரபணுச் சோதனையோ அதனை மறுத்துவிட்டது.

சோதனை, வந்து நிற்பவர் உறவினரா என்று சொல்லும். உறவினரை எங்கே தேடுவதென்று சொல்லாது. அதனைச் சொல்ல அவளுடைய நினைவுகளே இருந்தன: ஓர் ஆறு, அருகே கோயில், ஒரு புகையிரத நிலையம். இந்தியாவில் இத்தகைய ஊர்கள் எத்தனை! முறையான சைகைமொழி பயிலாத குழந்தைக்கு வீட்டாரோடு பழகிய சைகைகளே மொழி. அவ்வீட்டைப் பிரிந்ததும் அம்மொழியை அறிந்தோரும் இல்லாது போகின்றனர்.

பிரிவு நம் மலையகத்துக்குப் புதிதன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் எத்தனையோ குடும்பங்களைக் கடலின் இரு கரைகளிலும் நிறுத்திற்று. அன்று உறவைக் கடிதங்கள் காத்தன. எழுத்தும் பேச்சும் இல்லாதவருக்குக் கடிதம் ஏது? அத்தகைய ஒருவர் நம் இல்லத்திலிருப்பின் அவருடைய அண்மைக்காலப் படம், உடல் தழும்பு, பசிக்கும் நோவுக்கும் அவர் காட்டும் சைகை ஆகியவற்றை வீட்டார் குறித்து வைத்தல் வேண்டும். அவரைக் காணோமெனில் விடியட்டுமென்று காத்திராது, அக்குறிப்போடு அன்றிரவே பொலிஸ் நிலையம் செல்லுதல் நன்று.

கீதா இந்தூரில் சில ஆண்டுகள் தங்கினாள். சைகைமொழி அறிந்த தொண்டர்கள் அவளுடைய நினைவுகளைத் துருவித் துருவிக் கேட்டு, மகாராஷ்டிர மாநிலத்துச் சிற்றூர்களில் தேடினர். 2021 மார்ச்சில், அம்மாநிலத்தில் அவளுடைய தாய் கிடைத்துவிட்டதாகப் பில்கிஸ் எதி அறிவித்தார். தாய் இட்ட பெயர் ராதா. அடுத்த ஆண்டு ஏப்ரலில் பில்கிஸ் அம்மையார் காலமானார்.