தச்சனுக்கு ஒரு முத்திரை

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஏற்றுமதிக்குக் காத்து நிற்கும் மரப்பெட்டிகளையும், சரக்கு அடுக்கும் மரத்தட்டுகளையும் நேயர்களிற் பலர் கண்டிருக்கக்கூடும். மட்டமான மரம்; இழைப்புளி கண்டறியாத பலகை; ஆணி அடித்ததோடு வேலை முடிந்தது. ஆயினும் அவற்றின் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டிலும் ஒரு சிறு கட்டம், மையினாலோ சூட்டினாலோ, அழுத்தமாகப் பதிந்திருக்கும். கட்டத்துள் ஒரு கோதுமைக் கதிர். அதனருகே தேசத்தின் அடையாள எழுத்துக்கள், மரத்தைப் பக்குவம் செய்த நிலையத்தின் எண், பக்குவம் செய்த முறையின் குறி.

இது அலங்காரத்துக்காக இட்டதன்று. மரத்தில் ஒளிந்து கடல் தாண்டும் வண்டுகளும் நுண்புழுக்களும் அயல்நாட்டுக் காடுகளை அழித்ததன் பயனாக, சர்வதேசப் பயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் கீழ் 2002-ஆம் ஆண்டில் ஏற்பட்ட விதி இது. வெப்ப முறையில் பக்குவம் செய்வதானால், மரத்தின் நடுப்பாகம் வரை 56 டிகிரி உஷ்ணம் 30 நிமிஷம் இடைவிடாது நிற்க வேண்டும். அதன் பிறகே முத்திரை. கையால் எழுதிய குறி செல்லாது.

அந்தப் பெட்டிக்குள் பயணம் செய்யும் பொருள் யாது? ஓர் ஆசாரி பல வாரம் உழைத்துக் கடைந்த நகைப்பேழையாக இருக்கலாம். சித்திரம் செதுக்கிய ஊஞ்சற்பலகையாக இருக்கலாம். அதில் எந்தக் குறியும் இராது. இந்த விநோதத்தை என்னவென்று சொல்வது! மரம் காட்டிலிருந்து வரும்போது வனத்துறையார் முத்திரைச் சுத்தியலால் அடிமரத்தில் அடையாளம் அடிக்கின்றனர். அம்முத்திரையைப் போலியாக இடுபவருக்கும் அழிப்பவருக்கும் 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்கிறது. கட்டைக்குப் பெயர் உண்டு. கள்ளிப்பெட்டிக்கும் பெயர் உண்டு. இடையில் நின்று கட்டையைக் கலையாக்கியவனுக்கு மட்டும் இல்லை. வாங்கி விற்பவர் தம் கடைச்சீட்டை ஒட்டிவிடுகிறார். பொருளும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இத்துறைமுகம் இன்று ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1906-இல் அவர் பத்து லட்சம் ரூபாய் மூலதனத்தில், பங்கு ஒன்று 25 ரூபாயாகச் சுதேசிக் கப்பற் கம்பெனியைப் பதிவு செய்தபோது, கொழும்புக்குப் போகும் வழி புதிதன்று, கடலும் புதிதன்று. ஏறுகிற கப்பல் யாருடையது என்று ஜனங்கள் கேட்கத் தொடங்கியதே புதிது. வீட்டுச் சாமான் வாங்கும்போதும் அந்தக் கேள்வியை நாம் ஏன் கேட்பதில்லை?

கேட்டால் விடை சொல்ல ஒரு கருவி இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் பித்தளை முத்திரை. அதற்கு ஓர் இரும்புக் காம்பு. காம்பின் முனையில் மரப்பிடி. சூட்டுக்கோல் என்ற பெயரைக் கேட்டதும் மாட்டின் தொடையில் இடும் இரும்பு நினைவுக்கு வரும். இது அந்த ஜாதியைச் சேர்ந்ததாயினும் மிக நயமானது.

பித்தளை எதற்கு, இரும்பு ஆகாதா என்று கேட்கலாம். ஆகும், ஆனால் செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை, உருக்கைப் போல் ஏறக்குறைய இருமடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. ஆகவே முகம் முழுவதும் ஒரே சீராகச் சூடேறும். நடுவில் கருகலும் ஓரத்தில் வெளிறலும் நேர்வது குறைவு. அரத்துக்கும் உளிக்கும் இணங்கும். உப்புக் காற்று வீசும் கடற்கரையில் இரும்பைப்போல் துருவேறி எழுத்து மழுங்குவதும் இல்லை. களிம்பு படிந்தால் புளி போட்டுத் துலக்கிவிடலாம்.

பித்தளையில் நுட்பம் காண்பது இக்கரைக்குப் பழகிய வேலையே. முத்துக்குளிப்புக் காலங்களில் முத்துக்களைத் தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைத் தட்டுகள் கொண்ட ஒரு தொகுதியை வைத்திருந்தனர். தட்டின் அளவு ஒன்றே. துளைகளின் எண்ணிக்கை மட்டும் 20, 30, 50 என்று ஏறி 1000 வரை செல்லும். துளை மயிரிழை பெரிதானால் முத்தின் விலை மாறிவிடும். அப்படிப்பட்ட தட்டுகளைச் செய்த ஊர்களுக்கு ஆசாரியின் பெயரை வெட்டுவது பெரிய காரியமா?

முத்திரை வெட்டுவோர் முதலில் எழுத்தைத் தலைகீழாக அன்று, இடம் வலம் மாற்றிக் கண்ணாடிப் பிம்பமாக வரைவர். ‘ப’ என்ற எழுத்து மாற்றினாலும் ‘ப’வாகவே நிற்கும் புண்ணியம் செய்தது, ‘ட’வுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. எழுத்தைச் சுற்றியுள்ள உலோகத்தை வெட்டி நீக்கி, எழுத்து மட்டும் மேடாக நிற்கச் செய்வர். பள்ளம் ஆழமாக இருப்பது அவசியம். இல்லாவிடில் அடித்தளத்தின் வெக்கை மரத்தைத் தாக்கிப் பழுப்புப் படலம் உண்டாக்கும். எழுத்தின் பக்கச் சுவர்கள் அடியில் சற்று அகன்று சரிவாக இருந்தால் முனை உடையாது. வார்த்தெடுப்பதானால், மெழுகில் உருச்செய்து, மேலே களிமண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அந்த இடத்தில் பித்தளையை ஊற்றலாம். சுவாமிமலை ஸ்தபதிகள் விக்கிரகம் வார்க்கும் வழியும் இதுதான்.

தமிழ் எழுத்துக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. ‘ண’, ‘ழ’, ‘ஞ’ ஆகியவற்றின் சுழிகளுக்குள் வெப்பம் அடைபட்டு, அந்தச் சிறு இடமும் சேர்ந்து கருகிப் போகும், சுழி பொட்டாகிவிடும். அரை அங்குலத்துக்குக் குறைந்த முத்திரையில் முழுப் பெயரைத் திணிக்க முயலுவது வீண். ஊரின் முதலெழுத்தும் தம் முதலெழுத்தும் போதும். சுழிகளைத் தாராளமாக விரித்து வரைய வேண்டும். இதற்காகவேனும் ஆங்கில எழுத்துக்கு ஓடாமலிருக்குமாறு ஆசாரிமார்களை வேண்டிக்கொள்கிறோம்!

சூடேற்றுவதிலும் பக்குவம் வேண்டும். மரம் 200 டிகிரிக்கு மேல் பழுக்கத் தொடங்கி, 300-ஐ ஒட்டித் தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். பித்தளையோ செக்கச் சிவக்கக் காய்ந்தால் இளகி, எழுத்தின் கூர்மை போய்விடும். ஆகையால் சிவப்புக் காணும்வரை விடலாகாது. மின்சாரத்தால் காயும் கோல்கள் இப்போது கிடைக்கின்றன. உஷ்ணம் ஒரே நிலையில் நிற்பது அவற்றின் நன்மை. கரியடுப்பே போதும் என்பவர் கழிவுத் துண்டில் இரண்டொரு முறை பதித்துப் பார்த்துக் கொள்ளட்டும். தேக்கிலும் பூவரசிலும் முத்திரை ஸ்பஷ்டமாக விழும். பனங்கட்டையில் நார் ஒருபுறம் கெட்டி, சோறு ஒருபுறம் மிருது. எழுத்து சிதறித் தோன்றும்.

2020-இல் பெரம்பலூர் ஜில்லா அரும்பாவூரின் மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிட்டியது. ஊரின் பெயர் காக்கப்பட்டதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஊரில் எத்தனையோ கைகள். எந்தக் கை என்பதை அந்தக் குறியீடு சொல்லாது. கால் ஆடும் நாற்காலியைத் திருப்பிக் கொடுக்க ஆள் தேடுவோருக்கும், நல்ல நாற்காலி செய்தவரிடமே இன்னொன்று சொல்லி வைக்க விரும்புவோருக்கும் அதுவே தெரியவேண்டிய விஷயம்.

வீட்டுக்கு மேஜையோ தொட்டிலோ செய்யச் சொல்லும் தாய்மார்கள், கூலி பேசும்போதே முத்திரையையும் பேசிக் கொள்ளலாம். மேற்பலகையில் வேண்டாம், இழுப்பறையின் அடிப்புறமோ பின்சட்டமோ தகுந்த இடம். எண்ணெயும் வார்னிஷும் பூசுவதற்கு முன்னரே பதிக்கச் சொல்லுங்கள்; பூசிய பின் சுட்டால் புகை படர்ந்து மெருகு கெடும். ஓரிரு விநாடி அழுத்தி, அசைக்காமல் நேரே மேலே தூக்க வேண்டும்.