கதவைத் திறக்குமுன்



கரிசல் நாட்டுச் சந்தைகளுக்கு மாட்டுவண்டிகள் வந்த காலத்தில், வண்டியோட்டிகள் எழுதாத விதியொன்றைக் கைக்கொண்டிருந்தனர். நுகத்தடியை இறக்கவும் மாட்டை அவிழ்க்கவும் இடம் விட்டே நிறுத்துவர். தம் வண்டியின் அச்சு முனை அடுத்த வண்டிச் சக்கரத்தில் உரசாதபடி பார்த்துக்கொள்வர். இன்று கோவில்பட்டியில், செண்பகவல்லி அம்மன் கோயிலின் பங்குனித் திருவிழாவிலும், முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபங்களின் முன்னும் கார்கள் நெருங்கி நிற்கின்றன. வண்டி மாறிற்று, அவ்விதி மறந்துபோயிற்று. அதன் விளைவே கார்க் கதவுகளில் நாம் காணும் சிறு பள்ளங்கள்.

பள்ளம் விழுவது எவ்வாறு? காரின் மேற்தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுடைய எஃகு. விரலால் மெல்ல அழுத்தினால் சற்றே வளைந்து மீளும். அடுத்த காரின் கதவு விளிம்போ ஒடுங்கியது. மோதும் விசை முழுவதும் ஒரு சிறு இடத்தில் குவிகிறது. மீளும் எல்லையைத் தகடு கடந்துவிட்டால் பள்ளம் நிலைத்துவிடும். வண்ணப்பூச்சு உடையாதிருந்தால், தேர்ந்த தொழிலாளர் உட்புறமிருந்து மெல்ல நெம்பிச் சரிசெய்துவிடுவர். பூச்சு உடைந்தால் ஈரம் புகுந்து துருப்பிடிக்கும். மீண்டும் வண்ணம் பூசும் செலவும் சேரும்.

இடத்தின் கணக்கையும் பார்ப்போம். ஒரு கார் நிற்க 2.5 மீட்டர் அகலம் ஒதுக்குவது வழக்கம். காரின் அகலம் 1.7 மீட்டர் எனில், நடுவில் நிறுத்திய இரு கார்களுக்கிடையே எஞ்சுவது 80 சென்டிமீட்டரே. கதவு முழுவதும் விரிய இது போதாது.

நம் வட்டாரத்திற்கென்றே இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, ஆனி, ஆடி மாதங்களின் மேல்காற்று. கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று. கார்க் கதவின் கீல் முன்புறம் இருப்பதால், பின்னிருந்து வரும் காற்று திறந்த கதவைப் பறித்து விரிக்கும். முன்னிருந்து வரும் காற்று அதை மூடவே முயலும். ஆதலின் அம்மாதங்களில் காரின் முகம் மேற்கு நோக்கி இருக்குமாறு நிறுத்துவது நன்று. மற்றொன்று, கரிசல் மண். மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும் இந்நிலம் சமமாக இராது. கார் ஒருபுறம் சாய்ந்து நின்றால், தாழ்ந்த பக்கத்துக் கதவு தன் எடையாலேயே விரைந்து திறந்துகொள்ளும்.

காக்கும் வழிகள் எளியவை. வரிசையின் கோடியில், இடப்பக்கம் சுவருள்ள இடம் சிறந்தது. உடன் வந்தோரை முதலில் இறக்கிவிட்டுச் சுவரையொட்டி நிறுத்தினால், வலப்பக்கம் தாராளமாக இடம் கிடைக்கும். கதவின் நடுவே ஒட்டும் ரப்பர்ப் பட்டை நம் காரைக் காக்கும். கதவு விளிம்பில் மாட்டும் பட்டை பிறர் காரைக் காக்கும். துணி உறை பள்ளத்தைத் தடுக்காது. புழுதி படிந்த காரின்மேல் போர்த்தினால், காற்றில் அசைந்து பூச்சைத் தேய்க்கவும் செய்யும்.

எல்லாவற்றினும் சிறந்தது ஒரு பழக்கம். வலப்புறம் அமர்ந்தவர் இடக்கையால் கதவைத் திறக்க வேண்டும். அப்போது உடல் தானே திரும்பும். கண் பக்கத்தையும் பின்புறத்தையும் காணும். வலக்கை கதவைப் பற்றிக்கொள்ளலாம். சைக்கிளில் வருவோர் கதவில் மோதி உயிரிழக்கக் கூடாதென்று, பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிநூலில் 2022ஆம் ஆண்டு இம்முறை சேர்க்கப்பட்டது.

ஓர் ஆடி மாதத்தில், என் பேரன் திறந்த கதவைக் காற்று பறித்துப் பக்கத்திலிருந்த வாடகைக் காரில் மோதச் செய்தது. அதன் ஓட்டுநர் வரும்வரை காத்திருந்து, நடந்ததைக் கூறிப் பழுதுச் செலவை ஏற்றுக்கொண்டேன். "நீங்கள் சொல்லாமல் போயிருந்தால், ஐயா, முதலாளி என் சம்பளத்தில் பிடித்திருப்பார்" என்றார் அவர். நாம் சிறிதென்று எண்ணும் பள்ளம் யார் தலையில் விழுகிறது என்பதை அன்றே உணர்ந்தேன்.

பிறர் கதவு நம் வசத்தில் இல்லை. நம் கதவு நம் கையிலேயே இருக்கிறது. அதைத் திறக்குமுன் ஒரு கணம் பாருங்கள். தவறி மோதிவிட்டால், உரியவர் வரும்வரை நில்லுங்கள்.