சத்திரம்: தென்தமிழகச் சாலைகளின் கட்டணமில்லா விடுதி

சத்திரம் என்பது வழிப்போக்கர்கள் கட்டணமின்றித் தங்கிச் செல்வதற்காகச் சாலையோரங்களில் கட்டப்பட்ட அறநிலையம் ஆகும். உணவும் வழங்கியவை அன்னசத்திரங்கள் எனப்பட்டன. இன்றைய மலிவு விடுதித் தொடர்கள் செய்யும் வேலையை, காசு வாங்காமல் இவை செய்துவந்தன.

தேவை

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் உள்ளது. நடந்தோ மாட்டு வண்டியிலோ சென்றவர்கள் இடையில் ஓர் இரவு தங்கியாக வேண்டும். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மழையை நம்பிய மானாவாரி பூமி. குண்டாற்றில் மழைக்காலத்தில்தான் தண்ணீர் வரும். எனவே இங்கே பயணிக்குக் கூரையைவிடக் குடிநீரே முதல் தேவை. கிணறோ ஊருணியோ இல்லாத இடத்தில் சத்திரம் நிலைத்திருக்க முடியாது. சத்திரங்களுக்கு இடைப்பட்ட வழியில் தண்ணீர்ப் பந்தல்களும், தலைச்சுமையை இறக்கி வைத்து இளைப்பாறச் சுமைதாங்கிக் கற்களும் உதவின.

அமைத்தவர்கள்

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகளுக்கும் சத்திரங்களுக்கும் பெயர் பெற்றவர். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள மங்கம்மாள் சத்திரம் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது. இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களுக்காகச் சேதுபதி மன்னர்களும் சத்திரங்கள் கட்டி மானியம் அளித்தனர்.

தொடராக அமைந்தவற்றுள் சிறந்த எடுத்துக்காட்டு தஞ்சை மராட்டியர் சத்திரங்கள். தஞ்சையிலிருந்து இராமேசுவரம் செல்லும் வழியிலும் பிற வழிகளிலும் இவை அமைந்தன. பல சத்திரங்கள் அரச குடும்பப் பெண்களின் பெயர் தாங்கியவை. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரமும், இராசாமடத்தில் மோகனாம்பாள் சத்திரமும், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரமும் இருந்தன. முக்தாம்பாள் சத்திரத்தை 1802இல் இரண்டாம் சரபோஜி நிறுவினார்.

செயல்பட்ட முறை

1801இல் சரபோஜி, ஆங்கிலேய ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம் சத்திரங்களின் நடைமுறையை விளக்குகிறது. எல்லாச் சாதியாருக்கும் சோறு வழங்கப்பட்டது. சமைத்த உணவை ஏற்காதவர்களுக்கு அரிசியும் பிற பொருள்களும் தரப்பட்டன. நள்ளிரவில் மணி அடித்து, அதுவரை சாப்பிடாதவர்களை அழைத்தனர். நோயாளிகளுக்கு மருத்துவரும், ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஆசிரியரும் இருந்தனர். வழியில் இறந்தவர்களுக்கு அவரவர் முறைப்படி இறுதிச் சடங்கும் செய்யப்பட்டது.

இது அரசர் தம் அறத்தைக் காத்துக்கொள்ள எழுதிய கடிதம் என்பதையும் மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். தமிழகத்தில் பொதுவாகச் சத்திரங்களில் சாதி வேறுபாடு இருந்தது. சமைப்பதும் பரிமாறுவதும் தனித்தனியே நடந்தன. தாழ்த்தப்பட்டோர் உள்ளே நுழைய முடியாத சத்திரங்கள் பல. கட்டணம் இல்லை என்பதற்குக் கதவு எல்லாருக்கும் திறந்திருந்தது என்று பொருள் கொள்ளக் கூடாது.

வருவாயும் வீழ்ச்சியும்

சத்திரத்தின் செலவு, அதற்கென எழுதிவைக்கப்பட்ட நிலங்களின் விளைச்சலிலிருந்து வந்தது. நிலம் கைமாறினால் அடுப்பு அணைந்துவிடும். 1855இல் தஞ்சை அரசு முடிவுக்கு வந்தது. 1871ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டத்துக்குப் பின் பல சத்திரங்கள் உள்ளாட்சி வாரியங்களின் பொறுப்பில் வந்தன. அதிகாரிகள் தங்குவதற்கு முசாபரி பங்களாக்கள் தனியே எழுந்தன.

ரயிலும் பயணத்தை மாற்றியது. மதுரை–தூத்துக்குடிப் பாதை 1876இல் விருதுபட்டி வழியாகப் போனது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் இராமேசுவர யாத்திரிகர்கள் நடக்க வேண்டிய தேவை குறைந்தது. அருப்புக்கோட்டைக்கோ ரயில் 1960களில்தான் வந்தது. அதுவரை இவ்வூர் சாலையையே நம்பியிருந்தது.

சத்திரமும் மோட்டலும்

மோட்டார் பயணிகளுக்கான விடுதி என்ற பொருளில் ‘மோட்டல்’ என்னும் சொல் 1925இல் கலிபோர்னியாவில் தோன்றியது. 1962இல் அதே மாநிலத்தின் சாண்டா பார்பராவில் ‘மோட்டல் 6’ தொடங்கியது. ஓர் இரவுக்கு ஆறு டாலர் என்ற வாடகையே அதன் பெயரானது. நம் ஊரில் ‘மோட்டல்’ என்றால் பெரும்பாலும் தொலைதூரப் பேருந்துகள் சாப்பாட்டுக்கு நிற்கும் இடம்தான். அங்கே தங்கும் வழக்கம் இல்லை.

சத்திரம், மோட்டல் இரண்டும் சாலையோடு பிறந்தவை. மோட்டல் வாடகையைக் குறைக்கலாம், விட்டுவிட முடியாது. கையில் ஒன்றும் இல்லாதவருக்கும் இடம் தந்தது சத்திரம். அதற்கான விலையை எங்கோ ஒரு நிலமும் அதில் உழைத்தவர்களும் கொடுத்தனர்.

இன்றைய நிலை

சில சத்திரங்கள் பள்ளிகளாகவும் மாணவர் விடுதிகளாகவும் மாறின. திருவையாறு அரசர் கல்லூரி சத்திர நிதியில் வளர்ந்ததே. விருதுநகர் மாவட்டத்தில் சத்திரப்பட்டி, சத்திர ரெட்டியபட்டி போன்ற ஊர்ப்பெயர்கள் இன்னும் வழங்குகின்றன. திருச்சுழிப் பக்கத்து மண்டபசாலை என்னும் பெயரும் ஆராயத்தக்கது. பழைய கட்டடங்களின் கல்வெட்டுகள் சுண்ணாம்புப் பூச்சில் மறைவதற்குள் அவற்றைப் படித்துப் பதிவு செய்வது, அந்தந்த ஊர் மாணவர்களால் செய்யக்கூடிய பயனுள்ள பணியாகும்.