நெசவாளியின் மூளை: லியோன் நகரத்து உணவகத்தில் உண்பது பற்றி

பிரெஞ்சு உணவகம் எங்களில் பலருக்குப் பின்கதவால் அறிமுகமானது. கோப்பை கழுவும் தொட்டி, வெங்காய மூட்டை, நடுச்சாமத்தில் குப்பைப் பையோடு இறங்கும் படிகள் என்று அந்த நிறுவனத்தை உள்ளிருந்து அறிந்தவர்கள் நாங்கள். ஆனால் முன்கதவால் போய் மேசையில் அமர்ந்து உண்டவர்கள் குறைவு. காசு ஒரு காரணம். காசு மட்டும்தான் காரணம் என்று நான் நம்பவில்லை. பிரெஞ்சுச் சிந்தனையாளர்களைப் பக்கம் பக்கமாக விவாதிக்கும் எங்கள் சஞ்சிகைகளில், அந்த நாட்டுச் சனம் மத்தியானம் என்ன சாப்பிடுகிறது, ஏன் அதைச் சாப்பிடுகிறது என்று ஒரு பந்தி வந்ததாக எனக்கு நினைவில்லை.

நான் ஊரில் பொருளியல் வரலாறு படிப்பித்தவன். இப்போது லியோன் புறநகரில் உலோக உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையொன்றில் இரவுமுறை வேலையில் நிற்பவன். இந்த இரண்டு தகுதிகளோடும்தான் இங்குள்ள 'புஷோன்' எனப்படும் உணவகங்களைப் பற்றி எழுதுகிறேன்.

புஷோன் என்ற சொல்லுக்கு இன்றைய பிரெஞ்சில் போத்தல் மூடி, வீதி நெரிசல் என்றெல்லாம் பொருள் உண்டு. உணவகத்துக்கு அந்தப் பெயர் வந்தது வேறு வழியால் என்பார்கள். முன்பு வைன் விற்கும் வீட்டின் வாசலில் அடையாளமாக வைக்கோல் கட்டு அல்லது இலைக்கொத்து ஒன்றைத் தொங்கவிடுவார்கள். அதன் பெயர் புஷோன். குதிரையை வைக்கோலால் தேய்த்துவிடுவதற்கும் இதே வேரிலிருந்து வந்த சொல்தான், ஆகவே குதிரைக்காரர் தங்கும் இடமே பிறகு உணவகமானது என்பது இன்னொரு விளக்கம். எப்படியாயினும் இது சீமான்களுக்கான இடமாகப் பிறக்கவில்லை. சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட மேசைவிரிப்பு, தோள் முட்டும் நெருக்கம், அடித்தளம் தடித்த கண்ணாடிப் போத்தலில் வைன். அந்தப் போத்தலை 'போ' என்று உச்சரிக்கிறார்கள். எங்கள் காதுக்கு எழும்பிப் போகச் சொல்வதுபோல இருக்கும். அதன் கொள்ளளவு 46 சென்ரிலீற்றர். அரை லீற்றருக்கு நாலு குறைவு. அந்த நாலும் யாருக்குப் போனது என்பதற்கு நகரத்தில் பல கதைகள் உண்டு; எல்லாவற்றிலும் ஏமாந்தவன் தொழிலாளிதான்.

லியோன் பட்டு நகரம். குருவா ரூஸ் குன்றின் மேல் உள்ள பழைய வீடுகளின் கூரைகள் இன்றும் நாலு மீற்றர் அளவு உயரமானவை. ஜக்கார் தறி நிமிர்ந்து நிற்க அந்த உயரம் தேவைப்பட்டது. தறி நின்ற வீட்டிலேயே குடும்பமும் படுத்தது. நெசவாளிக்குக் 'கனூ' என்று பெயர். தறி அவனுடையது, பட்டு வியாபாரியுடையது, கூலி முழக்கணக்கில். 1831 ஒக்ரோபரில் கூலிக்கு ஒரு குறைந்தபட்ச விகிதம் ஒப்புக்கொள்ளப்பட்டது. வியாபாரிகள் சிலர் அதை மதிக்க மறுத்தார்கள். நவம்பரில் கனூக்கள் குன்றிலிருந்து இறங்கி நகரத்தைக் கைப்பற்றினார்கள். டிசம்பரில் இராணுவம் வந்தது, விகிதமும் இரத்தானது. 1834இல் மீண்டும் எழுந்தபோது நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். மார்க்சிய வகுப்புகளில் இதை ஒரு வரியாகக் கேட்டிருப்போம். அந்த ஒரு வரிக்குள் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பது அடங்குவதில்லை.

தொடை இறைச்சி வியாபாரி வீட்டுக்குப் போயிற்று. குடல், இரைப்பை, ஈரல், கால், தலை, பன்றிக்கொழுப்பு என்பன குன்றுக்கு வந்தன. இன்று புஷோனின் உணவுப் பட்டியலை விரித்தால் காண்பது அந்தப் பங்கீட்டைத்தான். 'அந்துயெத்' என்பது குடலைக் குடலுக்குள் அடைத்துச் செய்வது. லியோனில் அதைக் கன்றின் குடற்சவ்வில் செய்வது வழக்கம். மாட்டுப் பித்து நோய்ப் பயத்தால் 2000இல் அது தடைசெய்யப்பட்டு 2015இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 'தாப்லியே து சாப்பேர்' என்றால் இராணுவப் பொறியியற் படையினனின் தோல் முன்றானை. மாட்டின் இரைப்பையை அவித்து, வெள்ளை வைனில் ஊறவைத்து, பாண்தூளில் புரட்டிப் பொரித்த அகலமான துண்டு அது. பார்வைக்கும் அப்படித்தான் இருக்கும். 'கெனெல்' கொஞ்சம் மென்மையானது. பிறோஷே என்ற நன்னீர் மீனில் கவர் கவராக முள். அதனால் சதையை இடித்து, அரித்து, மாவும் முட்டையும் வெண்ணெயும் சேர்த்துப் பிடித்து அவிப்பார்கள். பிறகு நன்னீர் இறால் குழம்பில் போட்டு அடுப்பில் வைக்க, இரண்டு மடங்காக ஊதி வரும். முள்ளுக்குப் பயந்து மீனை விடாமல் ஒரு வழி கண்டுபிடித்த கைகளை நான் மதிக்கிறேன்.

ஆனால் எனக்கு முக்கியமானது ஒரு சாதாரணப் பொருள். வெண்பாற்கட்டியை அடித்து, உப்பு, மிளகு, உள்ளி, சின்ன வெங்காயம், வெங்காயத்தாள், எண்ணெய், வினாகிரி கலந்து பாணோடு தருவார்கள். பெயர் 'செர்வெல் து கனூ', அதாவது நெசவாளியின் மூளை. ஆட்டுமூளை வாங்க வழியில்லாதவர்கள் அதற்குப் பதிலாக உண்டது என்பது ஒரு விளக்கம். நெசவாளியின் மூளையை முதலாளிகள் இந்த அளவில்தான் மதித்தார்கள் என்பது மற்றது. எது சரியாயினும், அதே நெசவாளிகள் 1831 தொடக்கம் 1834 வரை 'லெக்கோ து லா பப்றிக்' என்ற வாரப் பத்திரிகையை நடத்தினார்கள் என்பதை இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்குச் சொல்லாமல் விட முடியாது. தறியடியில் இருந்து கூலிக் கணக்கையும் சங்கத்தையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் விவாதித்தவர்களின் மூளைதான் அது. நீதிமன்றம் என்றதும் இன்னொன்று: உணவக முதலாளி சம்பளம் தராதபோது எங்கள் ஆட்கள் படியேறுகிற ப்ருடோம் தொழில் நீதிமன்றம், 1806இல் இந்தப் பட்டுத் தொழிலின் தகராறுகளைத் தீர்க்கவென லியோனில்தான் முதலில் அமைந்தது.

இந்தச் சமையலுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள் பெண்கள். பணக்கார வீடுகளில் சமைத்தவர்கள், வேலை போனபின் அல்லது விட்டபின், சொந்தமாகச் சிறு கடை திறந்தார்கள். அவர்களை 'மேர்', அம்மா, என்று அழைத்தார்கள். ஒஜெனி பிராசியே 1895இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் தாயை இழந்து பண்ணைகளில் வேலை செய்தார். மணமாகாமல் தாயாகி லியோனுக்கு வந்து வீட்டு வேலை பார்த்தார். 1921இல் றூ றுவயாலில் கடை திறந்தார். 1933இல் அவருடைய இரண்டு உணவகங்களுக்கும் மிஷ்லன் கையேடு மூன்று நட்சத்திரம் கொடுத்தது. பின்னர் உலகப் புகழ்பெற்ற போல் பொக்கூஸ் 1946இல் இவருடைய சமையலறையில்தான் பயிலுநராக நின்றார். பொக்கூஸின் முகம் சுவரோவியமாக இருக்கிறது. பிராசியேயின் பெயரை எங்கள் தொழிற்சாலையில் கேட்டுப் பார்த்தேன், வயதான இருவருக்குத்தான் தெரிந்தது.

சென்ற வருடம் நண்பர் ஒருவரோடு போனேன். பதினாறு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவி, இப்போது சமையல் உதவியாளராக இருப்பவர். நான் தாப்லியே கேட்டேன். "உந்தக் குடலுக்கோ சேர் இவ்வளவு காசு குடுக்கப் போறியள்?" என்றார். கழுவுகிற வேலைக்கு என்றேன். "அது இங்க வரேக்கையே கழுவி அவிச்சுத்தான் வரும். ஊரில அம்மா சுண்ணாம்பு போட்டுச் சுரண்டின மாதிரி ஆரும் கஷ்டப்படுறேல்லை." தட்டு வந்தது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே சவ்வின் இழுவை, பக்கத்தில் முட்டையும் ஊறுகாயும் சேர்ந்த புளிப்புக் குழம்பு. தூள் இல்லாதது குறைதான். ஆனால் மணம் பொய் சொல்லவில்லை. அது குடல் மணம். பக்கத்து மேசையில் கழுத்துப்பட்டி கட்டிய மனிதர் அதையே வெட்கமில்லாமல் உண்டுகொண்டிருந்தார். மாட்டிறைச்சி உண்பவரைச் சாதியால் அடையாளமிட்ட சமூகத்திலிருந்து வந்த எங்கள் இருவருக்கும் அந்த மேசையைப் பார்க்க ஒருவிதமாக இருந்தது. யாழ்ப்பாணத்துப் 'பாரம்பரிய' உணவு என்று நாங்கள் இங்கு அச்சடிக்கும் பட்டியல்களில் யாருடைய அடுப்பு இருக்கிறது, யாருடையது இல்லை என்று வீடு வரும்வரை வாக்குவாதப்பட்டோம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விபரங்கள். உள்ளே போனதும் முதலில் வணக்கம் சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் எதுவும். முழுச் சாப்பாடு முப்பது யூரோ அளவில் வரும். குறைந்தபட்சச் சம்பளக்காரருக்கு, கையில் வருவது மணிக்கு ஏறத்தாழ ஒன்பதரை யூரோ என்பதால், மூன்று மணித்தியால உழைப்புக்குச் சற்றுக் கூட. குழாய்த் தண்ணீரும் பாணும் இலவசம், கேட்பதில் கூச்சம் வேண்டாம். பரிமாறும் கூலி 1987 முதல் விலைக்குள் அடக்கம். பாண் தட்டில் அல்ல, மேசைவிரிப்பில் இருக்கும். மிச்சக் குழம்பை அதனால் துடைத்து உண்பதை இங்கு யாரும் இழிவாகப் பார்ப்பதில்லை. மாடு, பன்றி உண்ணாதவர்களுக்குக் கெனெல் உண்டு. முற்றாக மரக்கறிக்காரர் நெசவாளியின் மூளையோடும் இளஞ்சிவப்புப் பிறலின் பையோடும் பசியாறலாம்.

எல்லாப் பெயர்ப்பலகையையும் நம்பவேண்டாம். பழைய நகரின் சுற்றுலாத் தெருக்களில் புஷோன் என்று எழுதாத கதவு குறைவு. 2012இல் வணிகச் சம்மேளனம் ஒரு தரச்சான்றை ஏற்படுத்தி, வீட்டிலேயே சமைக்கும் இருபதளவு இடங்களுக்குக் கொடுத்தது. அதற்கு இரண்டு வருடம் முன் யுனெஸ்கோ பிரெஞ்சுக்காரரின் விருந்துணவு முறையை மானிடத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. வறுமை சான்றிதழ் பெறும்போது விலை ஏறுகிறது என்பது பொருளியல். பழைய குன்றில் இப்போது உயர்ந்த கூரை வீடுகளை வாங்குவோர் நெசவாளிகள் அல்லர்.

கனூக்களின் இன்னொரு வழக்கம் 'மாஷோன்'. இருட்டோடு தறியேறியவர்கள் காலை ஒன்பது மணியளவில் குடலும் பன்றியிறைச்சியும் வைனுமாக உண்ட சாப்பாடு. சில புஷோன்கள் இதை இன்றும், பெரும்பாலும் முன்பதிவின் பேரில், செய்கின்றன. நான் வேலை முடிந்து வெளியே வருவது ஐந்து மணிக்கு. அந்நேரம் திறந்திருப்பது தொழிற்சாலை வாசலில் உள்ள கோப்பி இயந்திரம் ஒன்றுதான். ஒன்பது மணிக்கு நான் நித்திரை.